கரையும் துத்தநாக உள்வைப்புகள்: வலிமையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்தும் திருகு, எலும்பு கூடியதும் தானே கரைந்துவிட்டால் அதைக் கழற்ற இன்னொரு அறுவை சிகிச்சை தேவையில்லை. மக்னீசியம் சீக்கிரமே கரைகிறது, ஹைட்ரஜன் வாயுவையும் விடுகிறது. இரும்பு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே துத்தநாகம். வேகம் சரி, வலிமைதான் போதாது. வார்த்த தூய துத்தநாகம் சுமார் 30 மெகாபாஸ்கலுக்குள் (பரப்பளவுக்கு எவ்வளவு விசை என்பதன் அலகு) முறிந்துவிடும். ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்டுக்குப் பொதுவாகக் கேட்பது 300. இந்தப் பத்து மடங்கை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில்தான் பிழைகள் நுழைகின்றன.

அடிப்படைத் தவறு, உடல் வெப்பத்தைத் துத்தநாகத்துக்குக் குளிர் என்று நினைப்பது. அது உருகுவது 420 டிகிரி செல்சியஸில், அதாவது 693 கெல்வினில். உடல் வெப்பம் 310 கெல்வின். உருகுநிலையில் ஏறக்குறைய 45 சதவீதம். இரும்புக்கு அதே கணக்கைப் போட்டால் 530 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அவ்வளவு சூட்டில் இருக்கும் உலோகத்தைத்தான் நாம் எலும்புக்குள் வைக்கிறோம். முறியாத அளவு எடையைத் தொங்கவிட்டாலும் கம்பி நாள்பட மெல்ல நீளும். இறுக்கி வைத்த திருகும் அப்படித்தான் பிடி தளரும். ஒரே கலவையில் இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றை வேகமாகவும் மற்றதை மிக மெதுவாகவும் இழுத்துப் பாருங்கள். மெதுவாக இழுத்தது குறைந்த விசையிலேயே இளகிக் கொடுக்கும். ஆகவே இழுத்த வேகத்தையும் வெப்பநிலையையும் சொல்லாத வலிமை எண்ணை நான் நம்புவதில்லை. 37 டிகிரியில், மாதக்கணக்கில் சுமை தாங்க வைத்துச் சோதிப்பதே சரியான பரீட்சை.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு தவறு: உலோகத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் குட்டிப் படிகங்கள், அதாவது மணிகள், எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு வலிமை என்ற பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது. துத்தநாகத்தில் மணிகள் மிகச் சிறிதானால் அவற்றின் எல்லைகள் இந்த வெப்பத்திலேயே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். துண்டு அழகாக நீளும், ஆனால் சுமையைத் தாங்காது. குளிர்நிலையில் உருட்டினால் கெட்டியாகும் என்பதும் இங்கே நிச்சயமில்லை. உருட்டும்போதே மறுபடிகமாகி, அதாவது உள்ளே புது மணிகள் உருவாகி, மென்மையாகும் கலவைகள் உண்டு.

அப்புறம், சேர்மானம். கொஞ்சம் மக்னீசியம் வலிமையை நன்றாகவே கூட்டும். ஆனால் அளவு மீறினால் துத்தநாகத்தோடு சேர்ந்து கடினமான, நொறுங்கும் சேர்மம் ஒன்று மணிகளைச் சுற்றி வலைபோல் படியும். விரிசல் அந்த வழியிலேயே ஓடும். ஒரு சதவீதத்துக்குள் நிறுத்தி, சூடாக அச்சில் பிதுக்கி அந்த வலையை உடைப்பது நல்லது. பீக்கிங் பல்கலைக்கழகக் குழு 2020இல் 0.8 சதவீத லித்தியமும் 0.4 சதவீத மக்னீசியமும் மட்டும் சேர்த்து 646 மெகாபாஸ்கலை எட்டியது. தொழிற்சாலைக் கலவைகளின் அலுமினியச் சேர்மானத்தை அப்படியே எடுத்துக்கொள்ள ஆசை வரும். நரம்பு நச்சுத்தன்மை பற்றிய கவலை அதற்கு இருக்கிறது, வேண்டாம். தாதுவோடு வரும் ஈயம், காட்மியத்தையும் முதலிலேயே கவனிக்க வேண்டும்.

வார்த்த வாரமே சோதித்து முடித்துவிடுவதும் பிழைதான். சில கலவைகள் அலமாரியில் சும்மா இருக்கும்போதே முதிர்ந்து, நீளும் தன்மையை இழக்கின்றன. 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கம் செய்தால் உள்ளமைப்பே மாறலாம். நோயாளிக்குப் போகும் நிலையில், அதாவது கிருமி நீக்கி, சில மாதம் வைத்த துண்டைச் சோதியுங்கள்.

கரைவதை வெறும் உப்புநீரில் எடைக் குறைவாக மட்டும் அளப்பதும் போதாது. சராசரி வேகம் சரியாக இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் விழுந்த குழி ஸ்டென்டின் மெல்லிய கம்பியை அறுத்துவிடும். அதேபோல், துத்தநாகம் உடலுக்குத் தேவையான சத்துதானே என்று தைரியமாக இருந்துவிடக் கூடாது. 50 மில்லிகிராம் ஸ்டென்ட் ஒரு வருடத்தில் கரைந்தால் நாளொன்றுக்கு 0.14 மில்லிகிராம்தான், பெரியவர்களின் அன்றாடத் தேவையே 8 முதல் 11 மில்லிகிராம். ரத்தம் அடித்துச் செல்லும் இடத்தில் இந்தக் கணக்கு சரி. எலும்புக்குள் அயனிகள் தேங்கும். அப்போது உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே நார்த்திசு வளர்ந்து, எவ்வளவு வலிமையான திருகாக இருந்தாலும் எலும்பு அதை ஒட்டிப் பிடிக்காமல் போகும்.