கெயின்சே: இந்தச் சொல்லில் லாபம் இல்லை

'தேர் இஸ் நோ கெயின்சேயிங் ஹிஸ் டேலன்ட்.' இந்த வரியை 'அவர் திறமையைப் பற்றிச் சொல்லி லாபமில்லை' என்று மொழிபெயர்த்தால் பாராட்டு வசையாகிவிடும். 'அவர் திறமையை மறுப்பதற்கில்லை' என்பதுதான் பொருள்.

குழப்பம் முன்பாதியில் இருக்கிறது. இந்தக் 'கெயின்' லாபம் அல்ல. 'எதிராக' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் மிச்சம். 'அகெய்ன்ஸ்ட்' என்பதற்குள் ஒளிந்திருப்பதும் அதேதான். ஆக, கெயின்சே என்றால் எதிர்த்துச் சொல்வது. லத்தீன் வழி வந்த 'கான்ட்ரடிக்ட்'டும் 'எதிராக', 'சொல்' என்று இதே பொருளுள்ள இரண்டு துண்டுகளால் ஆனது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், லூக்கா 21:15இல், கெயின்சே வருகிறது. தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'எதிர்பேசவும்' என்று இருக்கும். எந்த அகராதி விளக்கத்தைவிடவும் எனக்கு இதுதான் பிடிக்கும். லாபம் என்று நினைப்பவர்கள்தான் இதை இரண்டு சொல்லாகப் பிரித்தும் எழுதிவிடுகிறார்கள். இது ஒரே சொல், நடுவில் கோடும் வேண்டாம்.

சரி, பொருள் தெரிந்துவிட்டது. அப்புறமும் தமிழர்களுக்கென்றே ஒரு வழுக்கல் உண்டு: நம்முடைய 'மறு'. அழைப்பை மறுக்கிறோம், கடன் தர மறுக்கிறோம், குற்றச்சாட்டையும் மறுக்கிறோம். கெயின்சே இந்த மூன்றாவது மறுப்புக்கு மட்டும்தான். 'ஹி கெயின்செட் தி இன்விடேஷன்' என்பது தவறு. அங்கே 'டிக்ளைன்' வர வேண்டும். சந்தேகம் வந்தால் 'அது அப்படியில்லை' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கூற்றையோ சான்றையோ பார்த்து அப்படிச் சொல்லலாம், அழைப்பிதழைப் பார்த்துச் சொல்ல முடியாது.

'கெயின்சே அகெய்ன்ஸ்ட்' என்று எழுதுவது 'நடு சென்டர்' என்கிற மாதிரி; எதிர்ப்பு ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. இறந்தகாலம் 'கெயின்செட்'. 'சே' எப்படி 'செட்' ஆகிறதோ அப்படியே. 'இட் இஸ் நோ கெயின்சேயிங்' என்று தொடங்குவதும் பிழை, 'தேர் இஸ்' என்றே தொடங்க வேண்டும்.

இன்றைய ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் எதிர்மறை வாக்கியத்தில்தான் உயிரோடு இருக்கிறது: 'நோபடி கேன் கெயின்சே' என்பதுபோல. கட்டுரையிலோ மேடைப் பேச்சிலோ எடுப்பாக இருக்கும். மேலாளரின் கருத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மின்னஞ்சல் எழுதும்போது 'டிஸ்அக்ரீ' போதும். அங்கே போய் கெயின்சே போட்டால், 'தாங்கள் இயம்பியது பிழை' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியதுபோல் இருக்கும்.