ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்கள்: குறிப்பெடுக்கும்போது நேரும் தவறுகள்

இங்கிலாந்து வரலாற்றையும் ஷேக்ஸ்பியரையும் சேர்த்துப் படிப்பவர்களின் நோட்டில் அடிக்கடி காணும் பிழை, நாடகத்தில் நடப்பதை வரலாற்றில் நடந்ததாகவே எழுதிவைப்பதுதான். 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தின் முதல் அங்கத்தில் ராணி மார்கரெட் அரண்மனைக்குள் நின்று எல்லோரையும் சபிக்கிறார். அந்தக் காட்சி 1483-ஐச் சேர்ந்தது. மார்கரெட்டோ 1482-லேயே பிரான்சில் இறந்துவிட்டார். நாடகம் காட்டும் ரிச்சர்டின் சூம்பிய கையும் அப்படித்தான். 2012-இல் லெஸ்டரில் தோண்டியெடுத்த அவரது எலும்புக்கூட்டில் முதுகெலும்பு வளைந்திருந்தது உண்மை, கை சூம்பியிருக்கவில்லை.

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்புறம் நாடகம் சொல்வது, வலப்புறம் வரலாற்று நூலில் சரிபார்த்தது. இரண்டும் முரண்படும் இடத்தை அடித்துத் திருத்த வேண்டாம், அதுதான் நோட்டிலேயே மதிப்புள்ள இடம். 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில், பின்னர் கலகம் செய்யும் பிரபு ஹாட்ஸ்பர் தன் மகனாக இருந்திருக்கக் கூடாதா என்று மன்னர் ஏங்குகிறார். உண்மையில் ஹாட்ஸ்பர் 1364-இலும் மன்னர் 1367-இலும் பிறந்தவர்கள். மன்னரைவிட மூத்தவரை இளவரசனின் வயதுக்கு ஷேக்ஸ்பியர் ஏன் இறக்கினார்? இரு இளைஞர்களையும் எதிரெதிரே நிறுத்தினால்தான் ஷ்ரூஸ்பரி போர்க்களத்தின் நேருக்கு நேர் மோதலுக்கு வலு வரும். இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது, ஒரே ஒரு ஆண்டை மட்டும் குறிப்பது. 'இரண்டாம் ரிச்சர்ட்' என்றதும் 1399 என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். மன்னர் முடி இழந்த ஆண்டு அது. நாடகம் அச்சானது 1597-இல்; அதில் முடிதுறக்கும் காட்சியின் பெரும்பகுதி இல்லை, 1608 பதிப்பில்தான் வந்தது. 1601 பிப்ரவரி 7 அன்று எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் பணம் கொடுத்து இந்த நாடகத்தை மேடையேற்ற வைத்தார்கள், மறுநாள் முதலாம் எலிசபெத்துக்கு எதிராக எசெக்ஸின் கலகம் வெடித்தது. நிகழ்ச்சி, மேடை, அச்சு என்று மூன்று ஆண்டுகளையும் எழுதினால்தான் இந்த அரசியல் கண்ணில் படும்.

நாட்காட்டியிலும் கவனம் வேண்டும். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். முதலாம் எலிசபெத் இறந்த 1603 மார்ச் 24, அன்றைய கணக்கில் 1602. அதனால் ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1602/3 என இரட்டையாக எழுதுவது வழக்கம்.

மேற்கோளுக்குப் பக்க எண் உதவாது, பதிப்புக்குப் பதிப்பு மாறும். அங்கம், காட்சி, வரி என்று 1.3.78 போலக் குறித்து, பேசும் பாத்திரத்தின் பெயரையும் எழுதுங்கள். பெயர் விடுபட்டால், 'ஹாம்லெட்'டில் பொலோனியஸ் மகனுக்குச் சொல்லும் அறிவுரை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கொள்கையாகிவிடும்; அதே மகனை உளவு பார்க்க அவர் ஆள் அனுப்புவது மறந்துபோகும். உரைநடைப் பகுதிகளில் வரி எண்ணும் மாறக்கூடும் என்பதால், எந்தப் பதிப்பு என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.