தேர்தல் நோட்டீஸுக்குக் காசு கொடுத்தது யார்? நீலகிரி வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் அடிவரியைப் பாருங்கள். அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிட்டவர் பெயர், முகவரி நான்கும் இருக்க வேண்டும் என்கிறது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரு பக்கமும் படமெடுத்து, கிடைத்த இடமும் தேதியும் குறித்துவையுங்கள்.

அச்சடிக்கும் முன் வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை அச்சகம் வாங்கியாக வேண்டும். அதையும் நோட்டீஸ் பிரதியையும், எத்தனை அடித்தது, எவ்வளவு கூலி என்ற விவரத்தையும் 3 நாளுக்குள் அனுப்ப வேண்டும். யாருக்கு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சென்னையில் அடித்தால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, மற்ற இடங்களில் அச்சடித்த மாவட்டத்தின் ஆட்சியருக்கு. குன்னூரில் ஒட்டிய போஸ்டர் கோவையில் அடித்ததென்றால் அந்தத் தாளை ஊட்டியில் தேடிப் பயனில்லை.

அடுத்தது செலவுக் கணக்கு. 2022-ல் நிர்ணயித்தபடி தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் வரம்பு. கட்சிக்கு வரம்பே கிடையாது. அதனால் செலவைக் கட்சி தலையில் எழுதிவிடுவார்கள். ஆனால் வேட்பாளர் பெயரோ படமோ இருந்தால் அது அவர் கணக்கில் வர வேண்டும். யார் பணம் என்று தெரியாத வரை வரம்பு வெறும் எண்தான். பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் வாக்காளரின் தகவல் உரிமையை முன்வைத்தே.

ஃபேஸ்புக், கூகுள் விளம்பரங்களை அந்நிறுவனங்களின் இணைய விளம்பரத் தொகுப்பில் தேடலாம். அங்கே பணம் செலுத்தியவர் பெயரைப் பாருங்கள், பக்கத்தின் பெயரை நம்ப வேண்டாம்.

பிரச்சார நேரத்தில் குறை கண்டால் வேட்பாளர் செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜிலில் அங்கேயே எடுத்த படம்தான் ஏறும், வாட்ஸப்பில் வந்தது ஏறாது.

முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கு தர வேண்டும். ஊட்டி, குன்னூர், கூடலூர் சட்டமன்றத் தொகுதிகள் என்றால் ஊட்டி ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையைக் கவனியுங்கள். 1 ரூபாய் கட்டினால் அந்தக் கணக்கை யாரும் பார்க்கலாம். உங்களிடமுள்ள நோட்டீஸோடும் அச்சகம் அனுப்பிய கூலி விவரத்தோடும் அதை வரிவரியாக ஒப்பிடுங்கள். வரம்பு மீறியது தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்க, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்தான். கணக்கு கடைசி நாளில் வந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 15 நாள், ஆகவே வழக்கறிஞரை முன்பே பார்த்துவையுங்கள்.