கனவு காணும் அப்பாவை மேடையேற்றுவது எப்படி

எட்டாத கனவோடு ஒரு அப்பா, அவரைச் சுற்றி ஒரு குடும்பம் என்று ஒரு நாடகத்தைக் கையில் எடுத்தால், பல குழுக்கள் முதலில் நீளமான வசனங்களைத்தான் பிடித்துக்கொள்கின்றன. கனவு அங்கே இருப்பதாக நினைத்துவிடுகிறோம். வசனத்தை விடுங்கள், வரவு செலவைப் பாருங்கள். எவ்வளவு சம்பாதித்ததாகச் சொல்கிறார், உண்மையில் எவ்வளவு வந்தது, துண்டு விழுந்ததை வீட்டில் யார் சமாளிக்கிறார்கள்?

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ (1949) நாடகத்தை வைத்தே சொல்கிறேன். வில்லி லோமனுக்கு வயது 63. புரூக்ளினில் வீடு, பாஸ்டன் வரை கார் ஓட்டிப் போய் சரக்கு விற்கிற வேலை. எல்லோருக்கும் பிடித்தவனாக இருந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை.

ஒத்திகைக்கு முன்னால் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, அவர் சொல்லும் தொகையை ஒரு பக்கமும் உண்மைத் தொகையை மறுபக்கமும் எழுதிக்கொண்டே பிரதியைப் படியுங்கள். முதல் அங்கத்தில், பழைய நாட்களுக்குப் போகும் ஒரு காட்சி இருக்கிறது. பிராவிடன்ஸில் 500, பாஸ்டனில் 700 டாலருக்கு விற்றேன் என்கிறார் வில்லி. மனைவி லிண்டா ஏப்ரன் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கமிஷன் 212 டாலர் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்துபோகிறாள். உடனே அவர் பின்வாங்க ஆரம்பிக்கிறார். கடைசியில் மொத்த விற்பனையே சுமார் 200 டாலர்தான், கமிஷன் எழுபது டாலர் சொச்சம் என்று வந்து நிற்கிறது. அதற்கும் லிண்டா ‘ரொம்ப நல்லது’ என்றுதான் சொல்கிறாள், அப்புறம்தான் ஃப்ரிட்ஜுக்கு 16 டாலர், வாஷிங் மெஷினுக்கு 9 டாலர் 60 சென்ட் என்று தவணைகளை மெதுவாக எடுக்கிறாள். லிண்டாவாக நடிப்பவர் இங்கே அதிர்ச்சி காட்டவே கூடாது. பென்சில் ஒரு நொடி நிற்கட்டும், அது போதும். அந்தக் கனவு இத்தனை வருடம் விழாமல் நிற்பதே அவள் தாங்கிப் பிடிப்பதால்தான், அதனால் என்னைப் பொறுத்தவரை இந்த நாடகத்தில் மிகக் கஷ்டமான பாத்திரம் லிண்டாதான், வில்லி இல்லை.

இரண்டாம் அங்கத்தில் முதலாளி ஹோவர்டிடம், இனி ஊர் ஊராகப் போகாமல் நியூயார்க்கிலேயே வேலை கொடு என்று கேட்கும் காட்சியிலும் எண்களையே பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் 65 டாலரில் ஆரம்பித்து, 50 கொடுத்தாலும் சரி என்று இறங்கி, 40-க்கு வந்துவிடுகிறார். மூன்றையும் ஒரே தொனியில் சொல்லிவிட்டால் காட்சி போச்சு. 65 கேட்கும்போது அவர் இன்னும் விற்பனைக்காரர், 40-க்கு வரும்போது கெஞ்சுகிறவர்.

அடுத்து பொருட்கள். லிண்டா கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருப்பதை வில்லியால் பார்க்க முடியவில்லை, எரிந்து விழுகிறார். ஏனென்றால் பாஸ்டனில் வேறொரு பெண்ணுக்குப் புதுக் காலுறைகளைக் கொடுத்திருக்கிறார், அதை மூத்த மகன் பிஃப் நேரில் பார்த்தும் விட்டான். கணக்குப் பாடத்தில் தோற்று, அப்பா வந்து வாத்தியாரிடம் பேசினால் சரியாகிவிடும் என்று நம்பி ஓடிவந்த பையன் அவன். அன்றைக்கே படிப்பை விட்டவன் 34 வயதிலும் ஒரு இடத்தில் நிலைக்கவில்லை. ஆகவே காலுறை தைக்கும் காட்சியை மேடையின் ஓரத்தில் ஒளிக்காதீர்கள், முதல் வரிசைக்குத் தெரிகிற மாதிரி உட்காரவைத்து ஊசி நூலோடு நிஜமாகவே தைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை ஒரே அச்சில் வார்த்துவிடாதீர்கள். பிஃப் கனவால் உடைந்தவன், இளையவன் ஹாப்பி அதை அப்படியே வாங்கிக்கொண்டவன். அப்பாவின் கல்லறைக்கு முன்னால் நின்றும், அவர் கண்டது நல்ல கனவுதான், நான் ஜெயித்துக்காட்டுகிறேன் என்கிறான். அதைக் கோமாளித்தனமாக நடித்துவிடாதீர்கள், அவன் மனதாரத்தான் சொல்கிறான்.

இந்தக் கணக்குநோட்டு மற்ற நாடகங்களுக்கும் உதவும். டென்னசி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜரி’யில் மகன் டாம் மின்கட்டணப் பணத்தை எடுத்துக் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டிவிடுகிறான், அக்காவுக்கு வரன் அமையும் என்று அம்மா காத்திருந்த ராத்திரியில் விளக்கு அணைந்துபோகிறது. அவனுடைய கனவுக்கான விலையை வீடே இருட்டில் உட்கார்ந்து கொடுக்கிறது.

கடைசியாக, பிஃப் அப்பாவிடம் உண்மையைப் போட்டு உடைக்கும் காட்சி. நான் ஒன்றுமே இல்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று அழுகிறான். பார்ப்பவர்கள் இதோடு கனவு கலைந்தது என்று நினைப்பார்கள். ஆனால் வில்லிக்குக் கேட்பது, மகனுக்கு என்மேல் பாசம் இருக்கிறது என்பது மட்டும்தான். அடுத்த நிமிடமே, தான் செத்தால் வரும் 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் பணம் மட்டும் கையில் இருந்தால் இவன் எங்கேயோ போய்விடுவான் என்று புதிதாகக் கனவு காண ஆரம்பித்துவிடுகிறார். இங்கே அவர் முகத்தில் சோகம் வரக்கூடாது, நாடகம் முழுக்கக் காணாத சந்தோஷம் வரவேண்டும். நடிகருக்கு இது பிடிபடும்வரை அடுத்த காட்சிக்குப் போகாதீர்கள். பிடிபட்டுவிட்டால், வீட்டுக் கடனின் கடைசித் தவணையை இன்றைக்குத்தான் கட்டினேன் என்று லிண்டா கல்லறையைப் பார்த்துச் சொல்லும் இடத்தில் இசை எதுவும் தேவைப்படாது.