கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொழும்பில் பஸ் நடத்துநர் "நுவர, நுவர" என்று கூவினால் அது நுவரெலியா பஸ் என்று ஏறிவிடாதீர்கள். சிங்களத்தில் கண்டிக்கு மகாநுவர என்று பெயர். பேச்சில் வெறும் நுவர. முகப்பில் தமிழிலும் ஊர்ப்பெயர் இருக்கும், பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கண்டியிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய 75 கிலோமீட்டர்தான். ஆனால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து வளைந்து ஏறும் பாதை, இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். காலையில் கண்டி, மாலையில் நுவரெலியா என்று திட்டம் போட்டால் இரண்டையும் பார்த்த மாதிரி இருக்காது. கண்டி சுமார் 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1868. கண்டியில் வியர்க்கிறதே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரயிலில் போனால் இறங்க வேண்டிய ஸ்டேஷன் நானுஓயா. மழைக்காலத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிவில் மலையகமே துண்டுபட்டது.

கண்டியில் இருக்கும் தலதா மாளிகையில் புத்தரின் பல்லை நேரில் பார்க்கலாம் என்று வரிசையில் நிற்பவர்கள் உண்டு. பூசை நேரத்தில் தெரிவது பேழை மட்டும்தான். பல்லை வெளியே காட்டுவது அபூர்வம்; 2025 ஏப்ரலில் காட்டியது 16 ஆண்டுகளுக்குப் பிறகு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது, அங்கே அது பெரிய அவமதிப்பு.

மாளிகையோடு திரும்பிவிடுவதும் தவறுதான். எதிரிலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகி. பெரஹரா என்ற கண்டியின் ஊர்வலத் திருவிழாவில் அவளுக்கும் ஊர்வலம் உண்டு. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, அடுத்த ஆண்டு வேலூருக்கு அனுப்பினார்கள்; 1832இல் இறந்தார், சமாதியும் அங்கேதான். இதெல்லாம் தெரிந்து மாளிகைக்குப் பக்கத்து ஏரிக்கரையில் நடந்தால் ஊரே வேறு மாதிரி தெரியும்.

அப்புறம், எனக்கு மனசு வலிக்கிற தவறு ஒன்று. வேனை நிறுத்தி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமலே படம் எடுப்பார்கள். அவர்களுக்கு அது வேலை நேரம். கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். "நீங்க இந்தியாவா, எப்போ வந்தீங்க?" என்றும் அவர்களிடம் கேட்பார்கள். அந்தப் பெண்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டுகள் ஆகின்றன. 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக ஆக்கியது; இன்றைக்கு இருக்கும் குடியுரிமை போராடித் திரும்பப் பெற்றது. "எந்தத் தோட்டம், அக்கா?" என்று கேளுங்கள். கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். பல நேரம் தேத்தண்ணி குடிக்கவும் கூப்பிடுவார்கள்.