மறுரூப ஞாயிறு முதல் சாம்பல் புதன் வரை: ஆராதனைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

முதலில் தேதி. ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன்; ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து அன்றுதான் தொடங்கும். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் லெந்தின் நாற்பது நாள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, ஆகவே சாம்பல் புதன் பிப்ரவரி 10, மறுரூப ஞாயிறு (மலைமேல் இயேசுவின் ரூபம் மாறியதை நினைக்கும் நாள்) பிப்ரவரி 7. கத்தோலிக்க காலண்டரில் மறுரூபத் திருநாள் ஆகஸ்ட் 6 என்றிருக்கும். லுத்தரன் சபைகள் பெரும்பாலும் லெந்துக்கு முந்தின ஞாயிறில் ஆசரிக்கின்றன.

ஞாயிறுக்கும் புதனுக்கும் நடுவே இரண்டே நாள். சாம்பல் வேலையை அதற்கு முந்தின வாரமே முடித்துவிடுங்கள்.

சாம்பல் தயாரித்தல்

நெற்றியில் சாம்பல் பூசுவது எல்லா லுத்தரன் சபைகளிலும் வழக்கமில்லை. அமெரிக்க லுத்தரன்களே 1978 ஆராதனைப் புத்தகத்தில்தான் இதற்கு இடம் கொடுத்தார்கள். ஐயரிடமும் (சபைப் போதகர்) சபைக் கமிட்டியிடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. போன வருஷம் குருத்தோலை ஞாயிறில் பிடித்த ஓலைகளைச் சேகரித்து, நொறுங்கும் பதத்துக்கு வெயிலில் காயவையுங்கள்.

2. துண்டாக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் அடையுங்கள். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு வெட்டவெளியில் அடுப்பேற்றுங்கள். ஓட்டை வழியே புகை வரும். புகை நின்றால் ஓலை கரியாகிவிட்டது. டப்பா ஆறும் முன் திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே தீப்பிடித்து, கரி வெளுத்த சாம்பலாகிவிடும். நமக்கு வேண்டியது கருப்பு. வெளுத்தது நெற்றியில் திருநீறு போலத் தெரியும், ஒட்டவும் செய்யாது.

3. அம்மியில் பொடித்து, மெல்லிய துணியில் சலியுங்கள். நூறு பேருக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம்.

4. புதனன்று சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக் குழையுங்கள். மை போல விரலில் ஒட்ட வேண்டும். ஓடினால் புருவத்தில் வழியும். கொடைக்கானல் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், அங்கே நல்லெண்ணெய். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது: சாம்பல் நீர் காரமாகித் தோலைப் புண்ணாக்கிவிடும்.

ஞாயிறு

பீடத் துணி வெள்ளை. அல்லேலூயா உள்ள பாட்டுகளை இன்றே மனம் நிறையப் பாடிவிடுங்கள்; இனி ஈஸ்டர் வரை கிடையாது. பாடகர் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால், லெந்து முதல் ஞாயிறில் பழக்கதோஷத்தில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

2027க்கான சுவிசேஷப் பாடம் மாற்கு 9:2-9. புதிய பிரசங்கியார்கள் வழக்கமாகச் சறுக்குவது இரண்டு இடத்தில். அந்த மலை தாபோரா எர்மோனா என்று பத்து நிமிஷம் போகும். அல்லது 'நாமும் ஜெபமலை ஏறுவோம்' என்று முடியும். பாடத்தின் இருபுறமும் பாருங்கள்: 8:31லும் 9:31லும் இயேசு தம் பாடுகளை முன்னறிவிக்கிறார். பேதுரு கூடாரம் போட்டுத் தங்கப் பார்க்கிறான், இயேசுவோ இறங்குகிறார். பிரசங்கமும் அவரோடு இறங்கட்டும். அப்போதுதான் புதன்கிழமை தனியாகத் தொங்காது.

புதன்

பீடம் ஊதாவுக்கு மாறும், சில சபைகளில் கருப்பு. பூக்களை எடுத்துவிடுங்கள். பாடங்கள் யோவேல் 2, சங்கீதம் 51, 2 கொரிந்தியர் 5:20 தொடங்கி, மத்தேயு 6.

மத்தேயுவில்தான் சிக்கல். உபவாசிக்கும்போது 'உன் முகத்தைக் கழுவு' என்கிறார் ஆண்டவர். நாமோ அந்த முகத்தில் சாம்பல் பூசுகிறோம். இதைத் தொடாமல் நழுவும் பிரசங்கத்தைச் சபை கண்டுபிடித்துவிடும். நேரடியாகச் சொல்லுங்கள்: இது பக்தியின் விளம்பரமல்ல, சாவுக்குரியவர் என்ற அறிக்கை. வீட்டுக்குப் போனதும் கழுவிக்கொள்ளலாம்.

நியாயப்பிரமாணத்தோடு, அதாவது கட்டளைகளோடு, நிறுத்தாதீர்கள். சிகரெட்டையும் கறியையும் விடச்சொல்லி ஆமென் போட்டால் அது சுவிசேஷமாகாது. மனந்திரும்புதல் நாற்பது நாள் வேலையல்ல, வாழ்நாள் முழுவதற்கும் என்பது 1517இல் லுத்தர் எழுதிய 95 கோட்பாடுகளின் முதல் வாக்கியம்.

பூசும்போது கட்டைவிரலால் சிலுவை, கூடவே 'நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்'. குழந்தைக்கும் அதே வார்த்தைதான்; குரலைத் தாழ்த்தினால் போதும். அதன்பின் பாவ அறிக்கை, பாவமன்னிப்பு, திருவிருந்து. சில முறைமைகளில் பாவமன்னிப்பு கூறுவதைப் பெரிய வியாழன் (பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்) வரை தள்ளிவைப்பதுண்டு. புதிய சபையில் அது வேண்டாம். தள்ளிவைத்தால், மண் என்று மட்டும் கேட்டு ஜனம் வீடு திரும்பும்.

திருவிருந்துக்கு முன் ஐயர் கைகழுவ எலுமிச்சைத் துண்டு, சோப்பு, துண்டு தயாராக இருக்கட்டும். மறந்தால் அப்பத்தில் கரி அப்பும்.

மிஞ்சிய உலர்ந்த பொடியைக் கண்ணாடிப் புட்டியில் மூடி அடுத்த வருஷத்துக்கு வைக்கலாம். எண்ணெய் கலந்தது சிக்கு வாடை அடிக்கும், அதைக் கோவில் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடுங்கள்.