'டிஸ்அபியூஸ்': முதலில் ஆள், பிறகு எண்ணம்

ஒருவரைத் தப்பெண்ணத்திலிருந்து விடுவிப்பதைக் குறிக்கும் 'டிஸ்அபியூஸ்' (disabuse) என்ற ஆங்கில வினையை எழுதும்போது, அதையடுத்து ஆளையும், பிறகு 'ஆஃப்' என்ற சொல்லையும், கடைசியில் அவருடைய தவறான எண்ணத்தையும் வைத்தால் வாக்கியம் பிழையின்றி அமையும்: 'ஷீ டிஸ்அபியூஸ்ட் மீ ஆஃப் தட் நோஷன்'.

தமிழில் 'என் தப்பெண்ணத்தைப் போக்கினார்' என்று எண்ணத்தையே செயப்படுபொருளாக்கிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் தானாக அந்த வரிசைக்கே போய்விடுகிறது. இந்த வினையோ 'க்யூர்', 'ரிட்' ஆகியவற்றைப் போல ஆளைப் பிடித்துக்கொண்டு, அவரிடமிருந்து எண்ணத்தைக் கழற்றுகிறது. உள்ளே இருக்கும் 'அபியூஸ்' இன்றைய வசைப் பொருளில் வரவில்லை. ஏமாற்றுதல் என்ற பழைய பொருளில் வருவதால், முழுச்சொல்லுக்கு மயக்கத்திலிருந்து விடுவித்தல் என்று பொருளாகிறது. (இறுதி ஒலி வண்டின் ரீங்காரம்போல அதிர வேண்டும்.)

நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்பது போன்ற கட்டுக்கதையை, யாரையும் குறிப்பிடாமல் மறுக்கும்போது இவ்வினை பொருந்தாது. அங்கே 'டிபங்க்' அல்லது 'டிஸ்பெல்' என்றே எழுத வேண்டும். நண்பர்களுடனான பேச்சில் 'டிஸ்அபியூஸ்' சற்று விறைப்பாகவே ஒலிக்கும் என்பதால், 'செட் மீ ஸ்ட்ரெய்ட்' போதும்.